மூன்று பழைய மடிக்கணினிகளும் தேசத்தின் தரவு மையங்களும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரு வாரத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன. அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத பழைய கணினிகளைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 20ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் வெப் சர்விசஸ் நிறுவனத்தின் தரவு மையத் தொகுதியில் கோளாறு ஏற்பட்டது. ஸ்னாப்சாட், ரோப்லோக்ஸ், டுவோலிங்கோ உள்ளிட்ட பல செயலிகள் உலகின் பல நாடுகளில் மணிக்கணக்கில் முடங்கின.

முதல் செய்தி, நம் வீட்டு அலமாரியில் தூங்கும் மடிக்கணினியைப் பற்றியது. இரண்டாவது, கோடிக்கணக்கான பேர் நம்பியிருக்கும் மாபெரும் கணினி நிலையத்தைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாபெரும் நிலையம் எப்படி இயங்குகிறது, ஏன் விழுகிறது என்பதை அலமாரியில் கிடக்கும் மூன்று பழைய மடிக்கணினிகளைக் கொண்டே ஒரு மாணவர் கற்றுக்கொள்ள முடியும். நான் வசிக்கும் சிம்பாங் பூலாயில் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த நேரத்தில் நம் பிள்ளைகள் இதைக் கற்பது ஏன் முக்கியம் என்பதை முதலில் பார்ப்போம்.

பணம் வருகிறது, வேலை யாருக்கு?

கடந்த சில ஆண்டுகளாக மலேசியாவில் தரவு மையங்களுக்கான முதலீடுகள் குவிந்து வருகின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூருக்கு வந்த மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல்முறை அதிகாரி சத்யா நாதெல்லா, நான்கு ஆண்டுகளில் 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்படும் என்று அறிவித்தார். அதே மாத இறுதியில் கூகள் 200 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அமேசான் வெப் சர்விசஸ் தனது மலேசிய மேகக் கணிமை வட்டாரத்தைத் திறந்தது. 2038க்குள் 620 கோடி டாலர் செலவிடப்போவதாகவும் தெரிவித்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டின் மலேசிய வட்டாரமும் செயல்பாட்டுக்கு வந்தது. ஜொகூரில் கூலாய் போன்ற இடங்களில் முன்பு செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையக் கட்டடங்கள் எழுகின்றன.

இது நாட்டுக்கு நல்ல செய்திதான். ஆனால் ஒரு தரவு மையத்தைக் கட்டும்போது தேவைப்படும் ஆட்கள் வேறு, கட்டி முடித்த பிறகு தேவைப்படும் ஆட்கள் வேறு. கட்டுமானம் நடக்கும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருக்கும். அது முடிந்ததும் கட்டடத்துக்குள் நிரந்தரமாக வேலை செய்வோரின் எண்ணிக்கை, கொட்டிய முதலீட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காவல், குளிரூட்டல், மின்சாரப் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சிலர் வேண்டும். அந்த இயந்திரங்களின் மேல் ஓடும் மென்பொருளை நடத்தும் வேலைக்கு வேறு சிலர் வேண்டும். இரண்டாவது வகை வேலைக்கு ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்கவே தேவையில்லை. ஈப்போவில் இருந்தும் பார்க்கலாம், பெங்களூரில் இருந்தும் பார்க்கலாம். ஆகவே அந்த வேலை கட்டடம் இருக்கும் நாட்டுக்குத் தானாக வந்து சேராது. திறன் எங்கே இருக்கிறதோ அங்கே போகும்.

பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்தின் ஈயக் களஞ்சியமாக இருந்தது. பேராக் ஆற்றில் 1930ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோ அணையின் மின்சாரம் ஈயச் சுரங்கங்களை ஓட்டியது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பல் இன்றும் நிற்கிறது. 4,500 டன் எடையுள்ள அந்த இயந்திரம் 1982இல் வேலையை நிறுத்தியது; இப்போது சுற்றுப்பயணிகள் பார்க்கும் காட்சிப்பொருள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறின. நம் தாத்தா பாட்டிமார் உழைத்த இடங்களில் செல்வம் விளைந்தது உண்மை. முதலும் இயந்திரமும் நிர்வாகமும் பெரும்பாலும் வேறு கைகளில் இருந்ததால், விலை விழுந்த நாளில் எடுத்துக்கொண்டு வெளியேற அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. தரவு மையங்களின் காலத்தில் நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறார்கள் என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

கொள்கலனும் பெரட்டும்

பெரிய நிறுவனங்களின் கணினிகளை நடத்தும் முறையின் அடிப்படை 'கொள்கலன்'. கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1956ஆம் ஆண்டு மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் வெளி அளவு ஒன்றாக இருந்தால், எந்தப் பாரந்தூக்கியும் எந்த லோரியும் அதைக் கையாளலாம் என்பதே அவருடைய யோசனை. 2013இல் டோக்கர் என்ற கருவி இதே யோசனையை மென்பொருளில் பரவலாக்கியது. ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிட்டால் அது உங்கள் மடிக்கணினியிலும் ஓடும், அமேசான் கணினியிலும் ஓடும்.

பத்துப் பெட்டிகளை ஒரு கணினியில் ஓட்டுவது எளிது. ஆயிரம் பெட்டிகளை நூறு கணினிகளில் ஓட்டும்போதுதான் சிக்கல். எதை எங்கே வைப்பது? ஒரு கணினி நின்றுவிட்டால் அதில் இருந்தவற்றை எங்கே மாற்றுவது? இதைக் கவனிக்கும் மென்பொருள்தான் குபர்நெட்டிஸ். கூகள் தன் உள்வேலைக்குப் பயன்படுத்திய 'போர்க்' என்ற அமைப்பில் பெற்ற அனுபவத்தை வைத்து இதை உருவாக்கி, 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. கிரேக்க மொழியில் இந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

தோட்டத்து வாழ்க்கையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். கிராணியார் கையில் பெயர்ப்பட்டியல் இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து, இன்னாருக்கு இந்த நிரை என்று பிரித்து விடுவார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவருடைய நிரையை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார் கங்காணி. அன்றைக்கு எத்தனை மரம் சீவ வேண்டும் என்பதுதான் கணக்கு. யார் சீவினார் என்பது அதற்கடுத்த விஷயம்.

குபர்நெட்டிஸ் இந்தப் பெரட்டை ஒரு நாளைக்கு ஒருமுறை இல்லாமல் ஓயாமல் நடத்துகிறது. நீங்கள் 'யாமல்' என்ற வகைக் கோப்பில் உங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கிறீர்கள்: 'இந்தச் செயலியின் இரண்டு பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும்.' எப்படி ஓட்டுவது என்று நீங்கள் சொல்வதில்லை. இப்போதுள்ள நிலையும் நீங்கள் கேட்ட நிலையும் ஒன்றா என்று அந்த அமைப்பு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு தெரிந்தால் சரிசெய்யும். கிராணியாரின் பட்டியலுக்கு இங்கே 'எட்சிடி' என்று பெயர்; எல்லா உண்மையும் அந்தத் தரவுத்தளத்தில்தான் பதிவாகியிருக்கும்.

முழுமையான குபர்நெட்டிஸ் கனமானது. பழைய மடிக்கணினி அதைத் தாங்காது. 2019ஆம் ஆண்டு ரேஞ்சர் லேப்ஸ் நிறுவனம் அதன் இலகு வடிவத்தை வெளியிட்டது. அதன் பெயர் 'கே3எஸ்'. ஆங்கிலத்தில் குபர்நெட்டிஸ் 10 எழுத்துச் சொல். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே எட்டு எழுத்துகள் இருப்பதால் அதைச் சுருக்கமாக 'கே8எஸ்' என்பார்கள். அதில் பாதி அளவு என்றால் ஐந்தெழுத்து; ஆகவே 'கே3எஸ்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். ஒரே கோப்பாக, 100 மெகாபைட்டுக்கும் குறைவான அளவில் இது வருகிறது. 2020இல் இதை மேகக் கணிமைத் திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

சிம்பாங் பூலாயில் ஒரு சிறு கிளஸ்டர்

பல கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல வேலை செய்யும் கூட்டத்தைக் கிளஸ்டர் என்கிறோம். என்னிடம் இருப்பவை மூன்று மடிக்கணினிகள். மூன்றும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள். ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம். ஒன்றின் திரை உடைந்திருக்கிறது, இன்னொன்றின் விசைப்பலகையில் பாதி எழுத்துகள் வேலை செய்யாது. இந்த வேலைக்கு இரண்டும் குறையே இல்லை, ஏனென்றால் அமைத்து முடித்த பிறகு அவற்றின் முன்னால் யாரும் உட்காரப் போவதில்லை.

முதலில் மூன்றிலும் விண்டோஸை அகற்றிவிட்டு லினக்ஸ் நிறுவ வேண்டும். உபுண்டுவின் சர்வர் பதிப்போ டெபியனோ போதும். படத்திரை வசதிகள் இல்லாத பதிப்பு என்பதால் நினைவகம் மிச்சமாகும். கே3எஸ் ஆவணங்கள் தலைமைக் கணினிக்கு 2 ஜிபி ரேம், துணைக் கணினிக்கு 512 எம்பி என்று குறைந்தபட்ச அளவைச் சொல்கின்றன. செயலிகளுக்கான இடம் இதற்கு மேல் என்பதை மறக்கக் கூடாது. பழைய சுழல்வட்டு இருந்தால் அதை மாற்றி எஸ்எஸ்டி பொருத்துவது நல்லது. எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் எழுதி உறுதிசெய்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். வட்டு மெதுவானால் கிளஸ்டரே திணறும்.

அடுத்து, பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றும் நான்கு வேலைகள் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு பெயர் வைக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் கிளஸ்டர் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளாது. ரௌட்டரில் ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரியை ஒதுக்க வேண்டும். வைஃபையை நம்பாமல் கேபிள் இணைப்புக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியின் மூடியை மூடினாலும் தூங்கிப் போகாதபடி அமைப்பை மாற்ற வேண்டும். இந்த நான்கையும் செய்துவிட்டு நிறுவலைத் தொடங்கினால் மீதி வேலை சீக்கிரம் முடியும்.

கே3எஸ் நிறுவுவது ஒரே வரிக் கட்டளை. அந்தக் கட்டளை இணையத்திலிருந்து ஒரு நிரலைப் பதிவிறக்கி, உங்கள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓட்டுகிறது. ஆகவே முதலில் அந்த நிரலைப் பதிவிறக்கிப் படித்துப் பாருங்கள். எல்லா வரியும் புரிய வேண்டும் என்பதில்லை. யாரோ கொடுத்த கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாத பழக்கம் வர வேண்டும்.

முதல் கணினியில் 'புதிய கிளஸ்டரைத் தொடங்கு' என்ற குறிப்போடு நிறுவினேன். அது ஒரு இரகசியச் சாவிச் சொற்றொடரை உருவாக்கி ஒரு கோப்பில் வைத்திருக்கும். அந்தச் சாவியையும் முதல் கணினியின் முகவரியையும் கொடுத்து மற்ற இரண்டையும் தலைமைக் கணினிகளாகவே சேர்த்தேன். பிறகு 'கியூப்சிடிஎல்' என்ற கட்டளைக் கருவியில் கேட்டால் மூன்று பெயர்களும் 'தயார்' நிலையில் வரிசையாகத் தெரியும். வலைப் போக்குவரத்தை நடத்தும் மென்பொருளும் பெயர் தேடித் தரும் மென்பொருளும் கே3எஸ்ஸோடு கூடவே வருவதால் தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

எதை ஓட்டுவது? நான் தேர்ந்தெடுத்தது 'கிவிக்ஸ்' என்ற திறந்த மூலச் செயலி. விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே படிக்க உதவுவது அது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி மூன்று கணினிகளிலும் ஒரே இடத்தில் வைத்தேன். இரண்டு பிரதிகள் ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டு வைஃபையில் இணைந்த எந்தக் கைப்பேசியிலும், வெளி இணையம் அறுந்திருந்தாலும், தமிழ் விக்கிப்பீடியா திறக்கிறது. ஒரு டியூஷன் வகுப்புக்கோ பள்ளி நூலகத்துக்கோ இதே அமைப்பு பொருந்தும்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். திரை அணைந்த மடிக்கணினி ஒன்று 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 32 யூனிட் ஆகும். உங்கள் வீட்டு பில்லில் உள்ள விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். கற்றுக்கொள்ளும் நேரத்தில் மட்டும் இயக்கினால் இதில் சிறு பங்குதான் வரும்.

ஏன் மூன்று?

அமேசானின் மலேசிய வட்டாரம் மூன்று தனித்தனி மண்டலங்களோடு திறக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் மலேசிய வட்டாரத்திலும் மூன்று மண்டலங்கள்தாம். என் மேசையிலும் மூன்று. இதற்குக் காரணம் பெரும்பான்மைக் கணக்கு.

பெயர்ப்பட்டியலின் பிரதி மூன்று கணினிகளிலும் இருக்கிறது. ஏதாவது மாற்றம் எழுத வேண்டுமானால் பாதிக்கு மேற்பட்டவை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் பெரும்பான்மை இரண்டு. ஆகவே ஒன்று போனாலும் வேலை நடக்கும். இரண்டு கணினிகள் மட்டும் இருந்தால் பெரும்பான்மையும் இரண்டு. ஒன்று போனாலே எல்லாம் நின்றுவிடும். நான்கு வைத்தால் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒன்றை மட்டுமே இழக்க முடியும். நான்காவது கணினியால் இந்த விஷயத்தில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஐந்து வைத்தால்தான் இரண்டு போனாலும் தாங்கும். படிவம் 1 மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. கோடிக்கணக்கான டாலர் கட்டடங்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

கணக்கைப் படிப்பதோடு நிற்காமல் சோதித்துப் பாருங்கள். விக்கிப்பீடியாவின் ஒரு பிரதி ஓடிக்கொண்டிருந்த கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பெயர் 'தயார் இல்லை' என்று மாறியது. இரண்டாவது பிரதி வேறு கணினியில் இருந்ததால் வாசிப்பு தொடர்ந்தது. இழந்த பிரதிக்குப் பதிலாகப் புதிய பிரதி உடனே தோன்றவில்லை. மேலும் ஐந்து நிமிடம் கழித்தே மூன்றாவது கணினியில் அது எழுந்தது. அந்த ஐந்து நிமிடம் குபர்நெட்டிஸில் இயல்பாக வைக்கப்பட்ட காத்திருப்பு நேரம். சற்று நேரம் இணைப்பு அறுந்த கணினியை இறந்துவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் அவசரமாக இடம் மாற்றினால் குழப்பம் அதிகமாகும் என்பதற்காக இந்தப் பொறுமை. வேண்டுமானால் இந்த நேரத்தைக் குறைக்கலாம். குறைத்தால் என்ன இழப்போம் என்று யோசிப்பதுதான் பொறியியல்.

பிறகு இரண்டாவது கேபிளையும் பிடுங்கினால் பெரும்பான்மை போய்விடும். புதிய கட்டளை எதையும் கிளஸ்டர் ஏற்காது. ஆனால் மிச்சமிருக்கும் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கொள்கலன் தொடர்ந்து ஓடும். கிராணியார் இல்லாவிட்டாலும், நிரைக்குப் போனவர் மரம் சீவிக்கொண்டுதான் இருப்பார். புதிதாக நிரை பிரித்துக் கொடுக்கத்தான் ஆள் இருக்காது.

வெர்ஜீனியாவில் நடந்தது என்ன?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். அமேசானின் வெர்ஜீனியா வட்டாரத்தில் மூன்று அல்ல, ஆறு மண்டலங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் அக்டோபர் 20ஆம் தேதி ஏன் விழுந்தது?

அன்று எந்த மண்டலமும் தீப்பிடிக்கவில்லை. பல சேவைகள் நம்பியிருந்த டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் முகவரிப் பதிவைத் தானியங்கி நிரல்கள் புதுப்பித்து வந்தன. அவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிட்டதால் அந்த முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. கணினிகள் நன்றாக இருந்தன, தரவும் இருந்தது; அங்கே போகும் வழியைக் கேட்டவர்களுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. ஆறு மண்டலங்களுக்கும் பொதுவாக இருந்த ஒன்றில் பிழை நேர்ந்தால் ஆறும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

என் மேசையைப் பார்த்தால் இதே பலவீனம் அப்படியே இருக்கிறது. மூன்று மடிக்கணினிகள் உண்டு, ஆனால் ரௌட்டர் ஒன்றுதான். மூன்றும் செருகியிருக்கும் மின்பலகையும் ஒன்றுதான். இடி மின்னலோடு மழை கொட்டும் மாலைகளில் மின்சாரம் போனால், மடிக்கணினிகளின் மின்கலன்கள் சற்று நேரம் தாங்கும். ரௌட்டர் அந்தக் கணமே அணைந்துவிடும். மூன்று கணினிகளும் உயிரோடு இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேச முடியாது. ரௌட்டருக்கு ஒரு சிறிய மின்கலன் வைத்த பிறகுதான் மூன்று என்ற எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. ஓர் அமைப்பைப் பார்த்ததும் 'எத்தனை இயந்திரம்?' என்று கேட்பவர் வாடிக்கையாளர். 'எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது?' என்று கேட்பவருக்குத்தான் தரவு மையத்தில் வேலை.

தரவு பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொள்கலன் எளிதில் இடம் மாறும். அது எழுதிய தரவு கூடவே போகாது. கே3எஸ் இயல்பாகத் தரவை அந்தந்தக் கணினியின் வட்டிலேயே வைக்கிறது. விக்கிப்பீடியா படிப்பதற்கு மட்டும் என்பதால் மூன்று பிரதி வைத்துச் சமாளிக்கலாம். மாணவர்களின் வருகைப் பதிவு, மதிப்பெண் போன்ற மாறிக்கொண்டே இருக்கும் தரவு என்றால் 'லாங்ஹார்ன்' போன்ற, தரவைப் பல வட்டுகளில் பிரதியெடுக்கும் கருவி வேண்டும். அதற்கு மேல், வீட்டுக்கு வெளியே ஒரு காப்புப் பிரதியும் வேண்டும்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. 2018இல் டெஸ்லா நிறுவனத்தின் குபர்நெட்டிஸ் நிர்வாகப் பலகை ஒன்று கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரோ உள்ளே புகுந்து, டெஸ்லாவின் செலவில் மின்நாணயம் தோண்டினார்கள். கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கற்கும் காலத்தில் கிளஸ்டரை வெளி இணையத்துக்குத் திறக்காதீர்கள். இரகசியச் சாவியைப் புலனத்தில் நண்பருக்கு அனுப்பாதீர்கள்.

எல்லாருக்கும் இது தேவையா?

தேவையில்லை. ஒரு சிறு கடையின் இணையத்தளத்துக்கு ஒரு கணினியும் ஒழுங்கான காப்புப் பிரதியும் போதும். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் வாடகை மேகத்திலிருந்து வெளியேற முடிவெடுத்தபோது, குபர்நெட்டிஸையும் வேண்டாமென்று விட்டுவிட்டு 'கமால்' என்ற எளிய கருவியைத் தானே உருவாக்கிக்கொண்டது. அதே நாட்டில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவகத் தொடர் வேறு முடிவெடுத்தது. ஒவ்வோர் உணவகத்திலும் கையடக்கமான மூன்று சிறு கணினிகளை வைத்துக் கிளஸ்டர் அமைத்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டதும் கே3எஸ்தான். இணையம் அறுந்தாலும் சமையலறை நிற்கக் கூடாது என்பது அவர்கள் தேவை. கேமரன் மலைக்குப் போகும் சாலையோரத்துக் காய்கறிப் பண்ணைகளும் சிம்பாங் பூலாய்க் கல்லுடைப்பு ஆலைகளும் இணையம் சீராகக் கிடைக்காத இடங்களில் இருக்கின்றன. உணரிகளும் கேமராக்களும் அங்கே பெருகும்போது இத்தகைய சிறு கிளஸ்டர்களுக்கு உள்ளூரிலேயே தேவை வரலாம். எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

எஸ்பிஎம் தேர்வுக்குக் கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் நிரல் எழுதக் கற்கிறார்கள். எழுதிய நிரலை ஆயிரம் பேர் பயன்படுத்தும்படி இடைவிடாமல் ஓட்டுவது வேறு திறன். பள்ளிப் பாடத்தில் அதற்கு இடம் குறைவு. ஈப்போவிலேயே 1969இல் தொடங்கப்பட்ட, நாட்டின் முதல் பலதொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஒமார் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கப் போகும் மாணவர், தான் அமைத்த கிளஸ்டரைப் பற்றியும் கேபிளைப் பிடுங்கியபோது நடந்ததைப் பற்றியும் நேர்காணலில் பேச முடிந்தால், வெறும் 'ஏ' எண்ணிக்கையைவிட அது அதிகம் பேசும்.

இத்துறையின் பெயர் பெற்ற தேர்வு ஒன்று உண்டு: குபர்நெட்டிஸ் நிர்வாகிச் சான்றிதழ். இரண்டு மணி நேரத் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது. பழுதான கிளஸ்டரை உங்கள் முன் வைத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அதிகாரபூர்வ ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. தேர்வுக் கட்டணம் மாணவருக்குக் கனமானதுதான். ஆனால் அதற்கான பயிற்சி முழுவதையும் பழைய மடிக்கணினிகளில் இலவசமாகச் செய்யலாம். மூன்று கணினி இல்லாதவர் ஒன்றில் தொடங்கலாம்; கே3எஸ் ஒரே கணினியிலும் ஓடும். மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு கணினி கொண்டுவந்தால் கிளஸ்டர் தயார்.

நம் பொது அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்விக் கருத்தரங்குகள் நடத்துகிறோம், தன்முனைப்பு உரைகள் ஏற்பாடு செய்கிறோம். ஆலய மண்டபத்திலோ பள்ளியின் கணினி அறையிலோ ஒரு மூலையை ஒதுக்கி, அலுவலகங்கள் ஒதுக்கித் தள்ளும் கணினிகளைக் கேட்டு வாங்கி, வட்டுகளைச் சுத்தமாக அழித்து, மாணவர் கையில் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கிளஸ்டர் அமைத்துவிடலாம். திவேட் கல்வியைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. கருவியைக் கையில் கொடுக்காத திறன் கல்வி பேச்சோடு நின்றுவிடும்.

தரவு மையங்கள் வரும், மின்சாரமும் தண்ணீரும் கேட்கும், வரிச் சலுகையும் கேட்கும். அவற்றைப் பற்றி அரசாங்கம் முடிவெடுக்கட்டும். நாம் கேள்வியும் கேட்போம். அந்த விவாதத்தில் நுழைவதற்கு முன்பாக, அந்தக் கட்டடங்களுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்த பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்க வேண்டும். வருகிற பள்ளி விடுமுறையில் அலமாரியைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஓடாத அந்தப் பழைய மடிக்கணினிக்கு ஒரு பெயர் வையுங்கள். அதுவே உங்கள் கிளஸ்டரின் முதல் கணினி.